எரிமலைத் தீவில் எரிந்தது எது?

திருவிடந்தைக்கு மணம் வேண்டி வருவோர் கூட்டம் என்றும் குறைவதில்லை. பன்றியுருக் கொண்ட திருமால் திருமகளைத் தன் இடப்பக்கத்தே தாங்கியிருக்கும் ஊராகலின், 'திரு இட எந்தை' என்னும் பெயர் அமைந்தது என்பர். திருவிடவெந்தை திருவிடந்தையாய்க் குறுகியது மக்கள் நாவின் இயல்பு; அது குற்றமன்று. ஆயின், ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழன் திருப்பிப் படித்துத் 'திருவடந்தை' என்கிறானே, அது குற்றம். இறைவன் பெயரோ நித்திய கலியாணப் பெருமாள்! தமிழ்ப்பெயர் பூண்ட ஊரில் வடமொழிப் பெயர் பூண்ட இறைவன். போகட்டும். மாலை வாங்கி, வலம் வந்து, வேண்டியவாறே மணமும் முடிந்தபின் இணையர் தேனிலவுக்கு எங்குச் செல்கின்றனர்? பொருள் படைத்தோர் மொரிசியசுத் தீவுக்குச் செல்கின்றனர்.

செல்லட்டும். கடல் கடந்து செல்வது தமிழனுக்குப் புதிதன்று. மாமல்லையில் துறை வைத்திருந்தவன் அவன். எப்படிச் செல்கிறான் என்பதே வினா. மூட்டைக்குள் ஆங்கிலப் பயண வழிகாட்டி, வாயில் ஆங்கிலம், கையில் ஒளிப்படக் கருவி. விடுதியில் இறங்கி, நீலக்கடலில் குளித்து, அவிந்துபோன எரிமலையின் வாயை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பி வருகிறான். அத்தீவில் தன் குருதி ஓடும் உடல்கள் உலவுகின்றன என்பதை அவ்வழிகாட்டி அவனுக்குச் சொல்வதில்லை, அவனும் கேட்பதில்லை.

மொரிசியசுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 220 கி.மீ. தொலைவில் இரீயூனியன் என்றொரு தீவு உண்டு. அதுவும் கடலடியிலிருந்து தீ எழுப்பிய நிலமே. மொரிசியசில் தீ அவிந்து நெடுங்காலம் ஆயிற்று. இங்கோ இன்றும் அவியவில்லை. 2,632 மீட்டர் உயரமுள்ள அதன் எரிமலைக்குப் பிரெஞ்சியர் இட்ட பெயர் 'பித்தோன் தெ லா பூர்னேசு'. உலைமுகடு எனத் தமிழில் சொல்லலாம். உலகில் மிகுதியாகக் குமுறும் எரிமலைகளுள் அதுவும் ஒன்று. ஆறு கோடி ஆண்டுகட்கும் முன்னர்த் தக்காணத்தின் கரும்பாறைப் படுகையைக் கக்கிய நிலத்தடி வெம்மையே இன்று இத்தீவின் அடியில் கனன்று கொண்டிருக்கிறது என்பர் நிலவியலார். மண்ணுக்கடியில் உறவு அற்றுப்போகவில்லை. மண்ணுக்கு மேல்தான் அற்றுப்போயிற்று.

சுற்றுலாச் செல்வோர்க்கு அங்குக் காட்டப்படும் காட்சிகளுள் ஒரு கிறித்தவக் கோயில் முதன்மையானது. 1977 ஏப்பிரலில் எரிமலைக் குழம்பு வழக்கமான எல்லையைக் கடந்து பித்தோன் சென்-உரோசு என்னும் ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கிற்று. மக்கள் முன்னரே ஊரைவிட்டு நீங்கியிருந்தனர். கோயிலைச் சுற்றி வளைத்த குழம்பு, வாயிலுக்குள் நுழைந்து அங்கேயே உறைந்து நின்றது. இன்று அக்கோயிலின் பெயரே 'தீக்குழம்பு அன்னை' என்று வழங்குகிறது. 2007 ஏப்பிரலிலோ எரிமலையின் உச்சிவாய் முந்நூறு மீட்டருக்கு மேல் உள்ளிடிந்து வீழ்ந்தது. குழம்பு நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் பாய்ந்தது. வியப்புக்குரிய காட்சிகளே, மறுப்பாரில்லை. ஆறிய குழம்பின்மேல் சில ஆண்டுகளில் பாசி படர்கிறது, பெரணி முளைக்கிறது, பின்னர் மரங்களும் எழுகின்றன. எரிமலை எரித்ததை இயற்கை மீட்டுக்கொள்கிறது.

மீட்டுக்கொள்ள முடியாத எரிப்பு ஒன்றும் அத்தீவில் நடந்தது. அதனைக் காட்டும் பலகை எதுவும் அங்கில்லை.

1848 திசம்பர் 20இல் அத்தீவில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகட்குக் கைகள் வேண்டியிருந்தன. புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஒப்பந்தம் என்னும் பெயரால் ஏழைத் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். 1860இல் பிரெஞ்சு அரசும் ஆங்கில அரசும் உடன்படிக்கை செய்துகொண்டு, ஆங்கிலேயர் ஆண்ட பகுதியிலிருந்தும் ஆள் திரட்ட வழி திறந்தன. அங்கு நடந்த கொடுமைகளைக் கண்டு 1882இல் ஆங்கில அரசே அதனை நிறுத்திற்று என்றால், அக்கொடுமையின் அளவை உய்த்துணரலாம். அவர்கள் வழிவந்தோர் இன்று தீவு மக்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என மதிப்பிடுவர்.

அவர்களை அங்குத் தமிழர் என்று அழைப்பாரில்லை. 'மலபார்' என்பதே வழக்கு. சோழமண்டலக் கரையில் கப்பலேறியவனுக்கு மேலைக்கரையின் பெயர்! தமிழினத்தின் பெயரைக்கூடச் சரியாகக் கேட்டு எழுதும் பொறுமை ஆண்டவனுக்கு இல்லை. அடுத்துப் பறிபோனது ஆட்பெயர். தந்தையின் பெயர் குடிப்பெயராய் உறைந்து நின்றது. இராமசாமியும் வீரப்பிள்ளையும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் உருச்சிதைந்தனர். பிள்ளைக்கு இடும் பெயர், கிறித்தவத் தூயர் பட்டியலிலும் பண்டை வரலாற்றிலும் உள்ள பெயராகவே இருத்தல் வேண்டும் என 1803ஆம் ஆண்டின் பிரெஞ்சுச் சட்டம் கட்டளையிட்டது. அச்சட்டத்தின் பிடி 1993இல்தான் முற்றும் நீங்கிற்று. 1946 முதல் அத்தீவு பிரெஞ்சு நாட்டின் ஒரு மாவட்டமேயாகி விட்டமையால், பள்ளியில் பிரெஞ்சு, மன்றில் பிரெஞ்சு, அலுவலில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல். குடியரசின் மொழி பிரெஞ்சே என 1992இல் அரசியலமைப்பிலும் பொறித்துவிட்டனர். தமிழ் எங்கு வாழும்? பாட்டியின் வாயில் வாழ்ந்தது, பாட்டியோடு போயிற்று.

எஞ்சியவை சில. அவற்றைக் கேட்கும் தமிழனுக்கு நெஞ்சு பதைக்க வேண்டும். அத்தீவின் வீட்டுச் சமையலில் சோற்றோடு வரும் காரத் தொடுகறிக்கு 'ரூகாய்' என்று பெயர், அது ஊறுகாய். குழம்புக்குப் பெயர் 'கறி'. முருங்கைக்கீரை 'முருங்கு' என்றே வழங்குகிறது. பாஞ்சாலி 'பாண்டியாலே' ஆகி அவள் பெயரால் தீமிதி நடக்கிறது. தீமிதி அறிவுக்கு ஒக்குமா என்பது வேறு வழக்கு. நூற்றைம்பது ஆண்டு அடக்குமுறைக்குப் பின்னும் அந்தத் தணலை அவர்கள் அவியவிடவில்லை என்பதே இங்கு எண்ணத்தக்கது. தெருக்கூத்தும் அங்கு உண்டு. 'பால் தமூல்', அதாவது தமிழ் ஆட்டம் என்பர். பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பொருள் அறியாமலே விடிய விடியப் பாடிக் காத்து வந்தவர்கள் அவர்கள். பொருள் அறியாத தமிழைப் பாடும் அவர்களை எண்ணி நகைப்பதா, பொருள் அறிந்த தமிழைப் பேச நாணும் சென்னைத் தமிழனை எண்ணி அழுவதா?

'மொழி ஒரு கருவிதானே; உணவும் வழிபாடும் நிலைத்தனவே, போனது என்ன?' என்று கேட்கும் அறிவாளிகள் இங்கு உளர். போனது என்னவென்று அத்தீவின் இளைஞரைக் கேட்டால் தெரியும். மூதாதை எந்த ஊரிலிருந்து வந்தான் என்றறியப் பழைய கப்பல் பதிவேடுகளைப் புரட்டுவோர் அங்குப் பலர். பதிவேட்டிலுள்ள ஊர்ப்பெயரைப் பிரெஞ்சு எழுத்தன் சிதைத்த சிதைவில், தமிழ் அறியாதவனுக்கு அவ்வூர் அகப்படுவதேயில்லை. தன் பாட்டன் ஊரைத் தேடிக் கண்டடையும் வழியும் அடைபட்டது என்பதற்குமேல் ஓர் இனத்திற்கு இழப்பு வேண்டுமா? இன்று சங்கங்கள் அமைத்துத் தமிழ் எழுத்து கற்க முயல்வோரும் அங்கு உளர். அவர்களைத் தேடிச் சென்று ஒரு நாள் அமர்ந்து பேசிய சுற்றுலாத் தமிழன் எத்தனை பேர்?

காலம் சென்றால் மொழி கரைவது இயற்கை என்று கைகழுவுவோர், தேனிலவு கொண்டாடிய அதே மொரிசியசின் பணத்தாளைச் சற்று உற்றுப் பார்க்கட்டும். அங்கும் தமிழர் சிறுபான்மையர். அங்கும் வீட்டுமொழி பெரும்பாலும் கிரியோலே. 1730களில் இலபூர்தொன்னே என்னும் ஆளுநன் போர்ட்டு உலூயித் துறைநகரை எழுப்பப் புதுவையிலிருந்து தமிழ்க் கைவினைஞரை அழைத்துச் சென்றான். அத்தீவில் முதற்கண் குடியேறிய இந்தியர் தமிழரே என்பதால், பணத்தாளில் ஆங்கிலத்தை அடுத்துத் தமிழ் நின்றது. 1998இல் புதிய தாள் அச்சிட்டபோது இந்தியைத் தூக்கித் தமிழுக்குமேல் வைத்தனர். தமிழர் கொதித்தெழுந்தனர். மறு ஆண்டே அத்தாள்கள் மீட்டுக்கொள்ளப்பட்டன. தமிழ் தன் இடத்தில் மீண்டும் ஏறிற்று. நாவில் மொழி நலிந்த நிலையிலும் மானம் நலியாத மக்கள் அவர்கள்! இங்கோ இந்தியப் பணத்தாளில் இந்தி பெரிதாய்ப் பொறித்திருக்க, ஓரக் கட்டத்தில் பதினைந்து மொழிகளுள் பதின்மூன்றாவதாய், சமற்கிருதத்திற்கும் கீழே தமிழ் ஒடுங்கிக் கிடக்கிறது. ஏழு கோடித் தமிழர் அதனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடக்கின்றனர்.

இரீயூனியன் தமிழனின் நாவை அறுத்தது அயலவன் ஆட்சி. திருவிடந்தைக் கரைத் தமிழனின் நாவை எவன் அறுத்தான்? சாலைக்கு 'ஈ.சி.ஆர்.' என்று பெயர். கிழக்குக் கடற்கரைச் சாலை என்றால் வழி சொல்வாரில்லை. கோவளம் 'கவ்லாங்கு', சதுரங்கப்பட்டினம் 'சத்ராசு', மாமல்லபுரம் 'மகாபலிபுரம்'. வானிறைக்கல் என்று ஊரார் சொன்ன உருண்டைப் பாறைக்குக் 'கிருட்டிணன் வெண்ணெயுருண்டை' என ஆங்கிலத்தில் பெயர் சூட்டி, அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். விடுதிப் பலகைகளில் தமிழைத் தேடக் கண்ணாடி வேண்டும். 2020 சூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் ஒலிக்கேற்பவே எழுத வேண்டும் என ஆணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டலில் பிழைகள் உள என்று எழுந்த கூச்சலில், அதே திங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. பிழை இருப்பின் திருத்துவதா, ஆணையையே மடித்து வைப்பதா? மொரிசியசுத் தமிழனிடம் இக்கதையைச் சொன்னால் நம்பமாட்டான்.

தேனிலவு முடித்துத் திரும்புவோரை ஏற்றிய வானூர்தி மீனம்பாக்கத்தில் இறங்குகிறது. பக்கத்தே பல்லவபுரத்துப் பாறைக்குன்று நிற்கிறது. எரிமலையைக் காணக் கடல்கடந்து சென்றவன், அத்தீவின் பாறையைவிடப் பல நூறு மடங்கு முதியதும், நிலத்தின் ஆழத்தே பெருவெப்பத்தில் உருவானதுமாகிய இப்பாறையை ஏறிட்டும் பார்ப்பதில்லை. இவ்வகைக் கல்லுக்கு நிலவியல் நூல்களில் வழங்கும் பெயர் 'சார்னோக்கைட்டு'. சோபு சார்னோக்கு என்னும் ஆங்கில வணிகன் கொல்கத்தாவில் இறந்தபின், அவன் கல்லறைக்கு இங்கிருந்து கல் சென்றது. 1893இல் ஆலந்து என்னும் ஆங்கிலேய நிலவியலார் அக்கல்லறைக் கல்லை ஆய்ந்து, கல்லுக்கே அவன் பெயரை இட்டார். பல்லவன் மலை, தமிழன் உளி, வெள்ளையன் பிணத்தின் பெயர். வானூர்தி நிலையத்துப் பட்டைச்சாலை கடந்து மகிழுந்தில் ஏறும் இணையர், 'ஈ.சி.ஆர். வழியாப் போப்பா' என்கின்றனர் ஓட்டுநரிடம்.