அருவருப்பே அங்கதமாகிவிடுமா?

பின்லாந்துக் கலைஞர் வில்லே கல்லியோ 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘குரூவெல்ற்றி ஸ்குவாட்’ என்ற கணினி விளையாட்டை முதலாளித்துவத்தின் மீதான தலைசிறந்த அங்கதம் எனப் போற்றுவோர் பலர். கண்ட மாத்திரத்தே முகஞ்சுளித்து, வெறும் வர்ணச் சகதி என ஒதுக்குவோரும் உளர். இரு சாராரும் அதன் தோலையே பார்க்கின்றனர் என்பது எமது கருத்து.

ஒதுக்குவோருக்கு முதலில் விடை கூறுவோம். சுடுபவனின் கண்வழியாகவே உலகம் காட்டப்படும் விளையாட்டு இது. நாயகன் ஒரு கம்பனியின் கூலிக் கொலைஞன். அவன் நடமாடும் அலுவலகம், அங்காடி, செல்வர் குடியிருப்பு யாவும் அழுகிய பச்சையிலும் கண்ணைக் குத்தும் ஊதாவிலும் தோய்ந்துள்ளன. இரைச்சலையொத்த இசை ஓயாது ஒலிக்கிறது. விளம்பரப் பலகையின் வழுவழுப்பை உரித்தெடுத்தால் உள்ளே என்ன இருக்குமோ அதுவே திரையில் தெரிகிறது. துப்பாக்கிக்கு ரவை நிரப்புவதற்குக்கூடச் சுட்டியின் பொத்தானை அழுத்திக் கீழ்நோக்கி இழுக்கவேண்டும். இதனைத் தொழில்நுட்பக் குறை என்போர் தவறிழைக்கின்றனர். கொலையும் சலிப்பூட்டும் ஓர் உடலுழைப்பே என்பதை விரல்களுக்கு உணர்த்தும் உத்தி அது.

உள்ளடக்கமோ இன்னும் கூர்மையானது. நாயகன் இறந்தால் அவனை உயிர்ப்பிக்கும் செலவாக 500 டொலர் அவனிடமே அறவிடப்படுகிறது. சாவுகூடத் தொழிலாளியின் கணக்கிலேயே எழுதப்படுகிறது! மீண்டும் மீண்டும் இறப்பவன் பிணந்தின்று உயிர்தப்பும் நிலைக்குத் தாழ்கிறான். தன் குடல்வாலையே கயிறாக வீசிச் சுவரேறும் வசதியையும் அவன் விலைக்கு வாங்கலாம். பிரசங்கம் எதுவுமின்றி, விளையாட்டின் விதிகள் வாயிலாகவே சுரண்டலை விளக்கும் இவ்வாற்றல் எத்தனை நாவல்களுக்கு வாய்த்தது?

ஆயின் போற்றுவோர் பேசாது விடும் பக்கமொன்றுண்டு. கொல்லப்பட்டோரின் உடலுறுப்புக்களைச் சேகரித்துச் சந்தையில் விற்க இவ்விளையாட்டு இடமளிக்கிறது. (தூண்டிலிட்டுப் பிடித்த மீனையும் அங்கேயே விற்கலாம்.) முதன்முறை இதனைக் காண்பவன் திடுக்கிடுவான். பத்தாம் முறை அவன் விலையேற்றத்துக்காகக் காத்திருப்பான். பத்து இலட்சம் டொலருக்கு வீடொன்றும் விற்பனைக்கு உண்டு; அதை வாங்கவேண்டும் என்ற ஆசை பிறந்த கணமே அங்கதம் வியாபாரக் கைந்நூலாக மாறிவிடுகிறது. கண்டிக்கப்பட வேண்டிய பேராசையே விளையாடுபவனின் வெற்றிக்கு ஏணியாகிறது.

அவன் இதனைத் தானே உணரவேண்டும் என்பதே கலைஞரின் நோக்கம் எனச் சிலர் வாதிடுவர். நன்று, உணர்ந்தபின் அவன் செய்யத்தக்கது யாது? இட்ட பணியை மறுத்தால் விளையாட்டு ஓரடியும் நகராது. தோள்கொடுக்கத் தோழன் ஒருவனும் இல்லை. வழியில் எதிர்ப்படும் ஊழியர்கள் விசித்திரமான ஓரிரு வசனங்களைப் பேசிவிட்டுச் சுடப்படுவதற்காகவே நிற்கின்றனர். சுரண்டும் அமைப்பை இத்தனை நுணுக்கமாகக் கண்ட கண்ணுக்குச் சுரண்டப்படுபவன் மட்டும் மனிதனாகத் தெரியவில்லை. அந்த இடத்தை விரக்தி நிரப்புகிறது. அவ்விரக்தியையே சிலர் புரட்சி என மயங்குகின்றனர்.

பணி முடிவில் வழங்கப்படும் தரத்தையேனும் அவர்கள் கவனிக்கட்டும். எவ்வளவு விரைவாக முடித்தான் என்பதே அதன் அளவுகோல். வழியில் வீழ்ந்த சிற்றூழியர் எத்தனை பேர் என்பது அத்தரத்தைத் தொடுவதேயில்லை. கம்பனி அதனைக் கேட்காததில் வியப்பில்லை. கம்பனியை எள்ளி நகையாட வந்தவரும் கேட்கவில்லையே!