உங்களுக்கென்ன மாமா, வாடகையா இருக்கு?

பொங்கலுக்கு ஊருக்கு வந்த என் அக்கா மகன் திண்ணையில உட்கார்ந்து கேட்ட கேள்விதான் தலைப்பு. சென்னையில வேலை. கைக்கு 55,000 வருதாம். வாடகை, வண்டிக் கடன், புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், கரண்டு, கேஸ் எல்லாம் போக 12,000 ரூபாய்லதான் குடும்பம் நடத்துறேன்னு சொல்லிப் பெருமூச்சு விட்டான். அது பொய்யில்லை. அவன் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனா அதோட நிறுத்தியிருந்தா இந்தப் பதிவுக்கு வேலையே இல்லை.

"உங்களுக்கென்ன மாமா, வாடகை இல்ல, அரிசி காசு கொடுத்து வாங்கறதில்ல, அரசாங்கம் வேற மாசாமாசம் போடுது. வர்றது பூரா மிச்சம்தானே?"

இதை அவன் மட்டும் சொல்லலை. நகரத்துல இருக்கிற சொந்தக்காரங்க, கூடப் படிச்சவங்க, வேலையை விட்டுட்டு விவசாயம் பார்க்கலாம்னு என்கிட்ட யோசனை கேட்கிறவங்க எல்லாரும் சுத்தி வளைச்சு இங்கதான் வந்து நிக்கறாங்க. கிராமத்துல காசுக்குச் செலவே இல்லைன்னு ஒரு நம்பிக்கை. சரி, என் நோட்டையே பிரிக்கிறேன்.

எனக்கு 9 மா, அதாவது 3 ஏக்கர். டெல்டாவுல கடைமடை, போர் கிடையாது, ஆத்துத் தண்ணிதான். 2024-ல ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கலை, ஜூலை 28-க்குத்தான் திறந்தாங்க. எங்களுக்குக் குறுவை போச்சு. சம்பா மட்டும்தான். ஏக்கருக்கு 20 குவிண்டால்னு 60 குவிண்டால் கண்டுச்சு. வீட்டுக்கு 4 வச்சுக்கிட்டு 56 குவிண்டால் போட்டேன். சன்ன ரகத்துக்கு 2,450 ரூபாய் விலை. மொத்தம் 1,37,200.

ஏக்கருக்குச் செலவு: உழவு 6,000, நாத்து நடவு 7,000, உரம் 5,000, களை 3,000, மருந்து 1,500, அறுப்பு மெஷின் 3,500, ஏத்துக்கூலி இத்யாதி 1,500. ஆக 27,500. மூணு ஏக்கருக்கு 82,500. நானும் என் வீட்டுக்காரியும் வயல்ல நின்ன நாளுக்குக் கூலி இதுல சேர்க்கலை. மிச்சம் 54,700. பன்னெண்டால வகுத்தா மாசம் 4,558.

அறுப்புக்குப் பின்னாடி விதைச்ச உளுந்துல செலவு போக 15,000, அதாவது மாசம் 1,250. மாட்டுப் பால்ல தீவனம் போக 3,000. மகளிர் உரிமைத் தொகை 1,000, பி.எம். கிசான்ல வருஷத்துக்கு 6,000, மாசக் கணக்குல 500. ஆக மொத்தம் 10,308 ரூபாய்.

இப்ப கட்டியே ஆகவேண்டியது. கேஸ் 600. கரண்டு 150. ரெண்டு போன் ரீசார்ஜ் 600. கேபிள் 200. பொண்ணு காலேஜ் ஃபீஸ், பஸ்ஸு 3,000. அம்மாவுக்கு சுகாதார நிலையத்துல கிடைக்காத ஒரு மாத்திரை 400. பெட்ரோல் 1,000. மகளிர் குழுக் கடன் தவணை 1,200. நகைக்கடன் வட்டி 600. கூட்டினா 7,750.

மீதி 2,558 ரூபாய். நாலு பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 21 ரூபாய். எண்ணெய், பருப்பு, காய், மீன், சோப்பு, துணிமணி எல்லாம் அதுக்குள்ள. வைகாசி, ஆவணியில அஞ்சு பத்திரிகை வந்துட்டா மொய் மட்டுமே அந்தக் காசைத் தாண்டிடும். மொய்யைத் தள்ளிப்போட முடியாது. நம்ம வீட்டு விசேஷத்துல அவங்க எழுதினது அது.

அப்ப எப்படித்தான் ஓடுது? நான் அடுத்தவர் டிராக்டர் ஓட்டப் போறேன். வீட்டுக்காரி நூறு நாள் வேலைக்கும் அடுத்தவர் வயல் நடவுக்கும் போறா. இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2019-ல மத்திய அரசே எடுத்த கணக்குல, இந்தியாவுல ஒரு விவசாயக் குடும்பத்தோட சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதுல பயிர்ல வந்தது 3,798. கூலி, சம்பளத்துல வந்தது 4,063. விவசாயின்னு பேரு, சோறு போடறது கூலி.

இன்னொண்ணு. மேல 12-ஆல வகுத்தேன் பாருங்க, அதுவே ஒரு ஏமாத்துக் கணக்கு. எங்களுக்கு மாசம்னு ஒண்ணு கிடையாது. நெல்லுப் பணம் மாசியில ஒரே தடவை வரும். ஆடியில நாத்து விட்டதுல இருந்து அதுவரைக்கும் செலவு மட்டும்தான். நீங்க சம்பளம் வாங்கி, பில் கட்டி, மிச்சத்துல வாழறீங்க. நாங்க முதல்ல வாழ்ந்துட்டு, அப்புறம் சம்பாதிச்சு, வாழ்ந்ததுக்குப் பில் கட்டறோம். நடுவுல இருக்கிற ஆறேழு மாசத்துக்கு வட்டி, கடனுக்கு வாங்கினா உரக்கடையில மூட்டைக்கு வைக்கிற கூடுதல் விலை, பெட்டகத்துல கிடக்கிற அவ சங்கிலி. உங்க பில்லுல இந்த அயிட்டமே இருக்காது.

வாடகைக்கு வருவோம். மாப்ள தன் கணக்குல முதல் வரியா எழுதினது வாடகை. என் நிலத்துக்கு யாரு வாடகை எழுதறாங்க? அடக்க விலையில ஒன்றரை மடங்கு கொடுக்கறோம்னு மத்திய அரசு சொல்லுதே, அந்த அடக்க விலையில கைக்காசும் குடும்ப உழைப்பும்தான் உண்டு. சொந்த நிலத்தோட வாடகை மதிப்பும், சொந்த நிலையான முதலுக்கு வட்டியும் கிடையாது. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கன்னுதான் விவசாயச் சங்கங்கள் வருஷக்கணக்கா கேட்கறாங்க. வாடகை உங்களுக்கு அத்தியாவசியச் செலவு, எங்களுக்கு மட்டும் அது செலவே இல்லையா?

இவ்வளவுக்கும் நான் சொந்த நிலக்காரன். குத்தகைக்கு எடுத்துப் பண்றவர் இந்த 54,700-லேர்ந்து நெல்லா அளக்கணும். நிலமே இல்லாதவங்களுக்கு அறுப்பு மெஷின் வந்ததுல இருந்து அந்த வேலையும் போச்சு.

கிராமத்துல செலவு கம்மிதான், ஒத்துக்கறேன். ஆனா கம்மியா இருக்கிறது விலை மலிவுங்கிறதால இல்லை. நாங்க வாங்காம விட்டதால. கேஸ் சிலிண்டரும் ரீசார்ஜும் உங்களுக்கு என்ன விலையோ அதேதான் எங்களுக்கும். அம்மா ரெண்டு வருஷமா ஒரு பக்கம் உடைஞ்ச கண்ணாடியை நூல் கட்டிப் போட்டுக்கறாங்க. வீட்டுக்காரிக்குப் பல் வலி, அறுப்பு முடியட்டும்ங்கிறா. கொல்லைப்பக்கம் ஓடு மாத்தணும். இதெல்லாம் எந்தக் கணக்குலயும் செலவா வராது. வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு "சிக்கனமான வாழ்க்கை"யா தெரியும்.

உங்ககிட்ட இரக்கம் கேட்கலை. அரிசி கிலோவுக்கு ரெண்டு ரூபாய் ஏறினா விலைவாசின்னு பேசறீங்க, பேசுங்க. அதே வாயால "அவங்களுக்கென்ன, எல்லாம் இலவசம்"னு மட்டும் சொல்லாதீங்க. ஆயிரமும் ஐநூறும் என் வீட்டுக்கு உதவுது, மறுக்கலை. ஆனா அது சரியான விலைக்கு ஈடு ஆகாது. நெல்லுக்குக் கட்டுபடியாகிற விலை, போட்ட வாரத்துலயே பணம், இது ரெண்டும் வந்தா அந்தச் சங்கிலி கழுத்துல கிடக்கும்.

மாப்ள கேட்டப்ப நான் சிரிச்சுக்கிட்டே, "ஆமாப்பா, எங்களுக்கென்ன"ன்னு சொல்லிட்டேன். விருந்தாளியா வந்த புள்ளைகிட்ட என்னத்தப் பேசறது. ஊருக்குக் கிளம்பறப்ப ஒரு சிப்பம் அரிசியும் ரெண்டு படி உளுந்தும் கட்டிக் கொடுத்தோம். அது எந்தக் கணக்குல வரும்னு அவனே எழுதிக்கட்டும்.