லீமாவ் பாலியும் நீர்க்கட்டியும்

கிட்னி மாற்றிய பெண்ணுக்குச் சூலகத்தில் நீர்க்கட்டி வந்தால் அது மருந்துச் சூடு. மாத்திரையைக் குறை, குளிர்ச்சியாக ஏதாவது கொடு. ஈப்போ புந்தோங்கிலும், தோட்டம் கைமாறியபின் தாமான் வீடுகளுக்கு வந்த சுங்கை சிப்புட் குடும்பங்களிலும் இந்த யோசனை இலவசமாகக் கிடைக்கும். இதில் கால்வாசி உண்மை.

அந்தக் கால்வாசியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். புதுச் சிறுநீரகத்தை உடல் தாக்காதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளில் சிரோலிமஸ் ஒன்று. ஈஸ்டர் தீவு மண்ணின் நுண்ணுயிரி தந்தது. கனடாவின் மொன்ட்ரியாலில் அதை ஆராய்ந்தவர் இந்தியாவிலிருந்து போன சுரேன் சேகல். 1999இல் அமெரிக்கா அனுமதித்தது. அதன் மருந்துக் குறிப்பிலேயே சூலக நீர்க்கட்டியும் மாதவிலக்குக் கோளாறும் அச்சாகியிருக்கின்றன. மாற்று அறுவையின் கோளாறாக இருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் சூரிக்கில், அறுவையே செய்யாத, பரம்பரைச் சிறுநீரகக் கட்டி நோயுள்ள இளம்பெண்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டபோதும், இந்த மருந்தை எடுத்தவர்களுக்கே இரண்டு தொல்லையும் அதிகமாக இருந்தன.

சூடு எங்கே வந்தது? செல்லை வளரச் சொல்லும் எம்டார் என்ற புரதத்தை சிரோலிமஸ் அடக்குகிறது. அதனால் முட்டைப்பை முதிர்ந்து வெடிக்கும் ஒழுங்கு குலைவதாகக் கருதப்படுகிறது. வெடிக்காத பை நீர் கோத்து நிற்கிறது. அவ்வளவுதான்.

எல்லா மாத்திரையும் இப்படிச் செய்யும் என்பதும் தவறு. கிட்னி மாற்றிய நம்மவர்களில் பெரும்பாலோர் விழுங்குவது டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், பிரெட்னிசோலோன். கை நடுக்கம், சர்க்கரை, வயிற்றுப்போக்கு, உப்பிய முகம் என்று அவற்றின் தொல்லை வேறு. அவற்றை மட்டும் எடுப்பவருக்கு வரும் கட்டி, எந்தப் பெண்ணுக்கும் வரக்கூடிய சாதாரணக் கட்டியாகவே இருக்கலாம்.

‘குளிர்ச்சி’யைப் பற்றித்தான் எனக்கு நிஜமான கோபம். தம்பூன் சாலையோரக் கடைகளில் தொங்கும் லீமாவ் பாலியை, அதாவது பம்பளிமாஸை, சூடு தணியட்டும் என்று அன்போடு உரித்துக் கொடுக்கிறார்கள். குடல் சுவரில் சிரோலிமஸையும் டாக்ரோலிமஸையும் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. பம்பளிமாஸிலும் அதன் உறவான கிரேப்ஃபுரூட்டிலும் உள்ள பொருள்கள் அந்த நொதியை முடக்கிவிடும். சிதையாத மருந்து இரத்தத்தில் ஏறும். பக்கவிளைவும் சேர்ந்து ஏறும். சூட்டைத் தணிக்கக் கொடுத்த சுளை, அவர்கள் சூடு என்று பயந்ததையே கூட்டுகிறது.

மாத்திரையைத் தானாகக் குறைப்பது அதைவிட மோசம். எதிர்ப்புச் சக்திக்குப் போட்ட வேலி திறந்துவிடும், உடல் சிறுநீரகத்தைத் தாக்கும், மறுபடி வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலி.

கட்டி என்றாலே கர்ப்பப்பையை எடு என்பார்களே, அதுவும் வேண்டாம். சிரோலிமஸை நிறுத்தி டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றியபின் பல கட்டிகள் தாமாகச் சுருங்கியிருக்கின்றன. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே காத்திருக்கலாம். ஒரு பக்கம் திடீரென்று தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது. கட்டி முறுக்கிக்கொண்டிருக்கலாம்; அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

மருந்தை மாற்றுவதற்கு டாக்டருக்கு விஷயம் தெரிய வேண்டுமே. கிட்னி கிளினிக்கில் கிரியாட்டினின் எண்ணைப் பார்த்து முடிப்பதற்குள் அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். தூரம் மூன்று மாதமாகத் தள்ளிப்போனதை, துணைக்கு வந்த அண்ணன் பக்கத்தில் நிற்கும்போது எந்தப் பெண் சொல்வாள்? அண்ணன் கொஞ்சம் வெளியே நிற்கலாம்.