சிங்கம் குடியிருக்க மாத வாடகை

மே மாத விடுமுறை. கோவில்பதாகையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆவடியில் வேலை முடித்து வந்த அப்பா, செல்போனில் ஒரு விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். கென்யா, ஆறு இரவு, ஏழு பகல். ஆறாம் வகுப்பு முடித்த மகள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் குதிக்கிறாள்.

"ஆயா, இங்க பாரேன். சிங்கம் ஜீப்பை ஒட்டியே நடக்குது!"

கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டுக் கேட்டார்: "பக்கத்துல ஊரு இருக்கா கண்ணு? ஆடு மாடு வெச்சிருக்கிறவங்க எப்படிப் பொழைக்கிறாங்க?"

விளம்பரத்தில் ஊர் எதுவும் தெரியவில்லை. சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, மஞ்சள் புல், சாயும் சூரியன்... அவ்வளவுதான். ஆனால் மதுராந்தகம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த ஆயா கேட்டதுதான் ஆப்பிரிக்க சஃபாரியின் மொத்தக் கதையும்.

'சஃபாரி' என்ற சொல்லே நமக்கு அந்நியமில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் அதற்குப் பயணம் என்று பொருள். 'சஃபர்' என்ற அரபுச் சொல்லிலிருந்து போனது. நாகூர், காரைக்கால் பக்கம் பிழைப்புக்காகக் கடல் கடந்து போனவர்களை 'சபராளி' என்பார்களே, அதே வேர்தான். பயணம் என்றிருந்த சொல், துரைமார்கள் துப்பாக்கியோடு வேட்டைக்குக் கிளம்பிய காலத்தில் வேட்டைப் பயணமாகச் சுருங்கியது. கென்யா 1977-ல் வேட்டைக்குத் தடை போட்டது. துப்பாக்கி போய் கேமரா வந்தது.

அப்பாவின் கணக்கையும் கொஞ்சம் பார்த்துவிடலாம். சென்னையிலிருந்து நைரோபிக்கு மும்பை வழியாகவோ வளைகுடா நாடு ஒன்றின் வழியாகவோ போகவேண்டியிருக்கும். விசா என்ற பேச்சு 2024 ஜனவரியோடு போய்விட்டது. அதற்குப் பதிலாக இணையத்தில் பயண அனுமதி வாங்க வேண்டும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டு, பத்து நாள் கழிந்த பிறகே அந்தச் சான்றிதழ் செல்லும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். சான்றிதழ் இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே விமான நிலையத்திலிருந்து நேராக வீட்டுக்கு வர முடியாது. ஆறு நாள் வரை தனிமைப்படுத்திவிடுவார்கள். மாசாய் மாரா தேசியக் காப்பகத்துக்குள் நுழைய வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். இரண்டு பேருக்கு, மூன்று நாளைக்கு என்று பெருக்கிப் பார்த்ததும் அப்பாவின் முகம் லேசாக மாறுகிறது.

சீசனில் ஏன் இரட்டைக் கட்டணம்? மாடும் மானும் கலந்து செய்தாற்போல ஒரு பிராணி உண்டு, பெயர் வில்டபீஸ்ட். தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து புல்லைத் தேடி இவை பத்து லட்சத்துக்கும் மேலே கிளம்புகின்றன. கூடவே வரிக்குதிரைகள். ஜூலை வாக்கில் மாரா ஆற்றைக் கடந்து கென்யாவுக்குள் வருகின்றன. ஆற்றில் முதலைகள் காத்திருக்கும். கரையில் ஜீப்புகள் காத்திருக்கும். ஆகஸ்ட் மாதத்தில் அங்கே வண்டிகள் நிற்கும் வரிசையைப் பார்த்தால் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னல் ஞாபகம் வந்துவிடும்.

இந்தக் காப்பகத்தின் பரப்பு சுமார் 1,510 சதுர கிலோமீட்டர். அதைச் சுற்றிப் பெரும்பாலும் வேலி கிடையாது. எல்லைக் கல் மனிதர்களுக்கு, யானைக்கு அல்ல. கென்யாவின் காட்டு விலங்குகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அரசுக் காப்பகங்களுக்கு வெளியே, மாடு மேய்ப்பவர்களின் நிலத்தில்தான் இருக்கின்றன. ஆயா கேட்ட ஊர் அங்கேதான் இருக்கிறது. மாசாய் மக்களின் ஊர். அவர்களுக்கு மாடுதான் சொத்து, சீர், வங்கிக் கணக்கு எல்லாமே. ராத்திரியில் முள்பட்டியைத் தாண்டிக் குதித்து இரண்டு பசுவை அடித்துவிட்டுப் போகும் சிங்கத்தை, படம் எடுக்க வந்தவர் பார்க்கிற கண்ணோடு அவர்களால் பார்க்க முடியாது. சிலர் ஈட்டி எடுத்தார்கள். சிலர் செத்த மாட்டில் விஷம் வைத்தார்கள். சிங்கத்தோடு கழுகும் செத்தது.

அந்த மேய்ச்சல் நிலம் முன்பு கூட்டுச் சொத்தாக இருந்தது. பிறகு ஆளுக்கு இவ்வளவு என்று பட்டா பிரித்தார்கள். பட்டா கைக்கு வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சென்னைப் புறநகர்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலி வந்தது, விற்பனை வந்தது, சில இடங்களில் கோதுமை வந்தது. விலங்குகள் காலங்காலமாக நடந்த தடம் கம்பி வேலியில் முட்டி நின்றது.

அப்போது வந்த யோசனைதான் 'கன்சர்வன்சி'. மக்கள் காப்பகம் என்று சொல்லலாம். நிலம் மாசாய் குடும்பங்களின் பெயரிலேயே இருக்கும். பக்கத்து பக்கத்து நிலக்காரர்கள் ஒன்றுசேர்ந்து தங்கள் நிலத்தை வேலியில்லாமல் ஒரே பரப்பாக வைத்துக்கொள்வார்கள். அங்கே கூடார விடுதி நடத்தும் கம்பெனிகள், விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும், ஏக்கருக்கு இவ்வளவு என்று மாதா மாதம் நிலக்காரரின் கணக்கில் வாடகை போட வேண்டும். கோவில்பதாகையில் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருப்பவருக்கு இது உடனே புரியும். என்ன, இங்கே குடியிருப்பவர் சிங்கம். வாடகை கொடுப்பவர் சிங்கத்தைப் பார்க்க வருகிறவர்.

2006-ல் ஓலாரே ஓரோக், 2009-ல் மாரா நார்த், 2010-ல் நபோய்ஷோ என்று இவை வரிசையாக வந்தன. நபோய்ஷோ என்றால் மாசாய் மொழியில் ஒன்றுகூடுதல். சுமார் 50,000 ஏக்கர், 500-க்கும் மேற்பட்ட நிலக்காரர்கள். 700 ஏக்கருக்கு ஒரு கூடாரத்துக்கு மேல் போடக்கூடாது என்பது அங்கே கணக்கு. ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக்கூடாது. தேசியக் காப்பகத்தில் அனுமதியில்லாத இரவு சஃபாரியும் வழிகாட்டியோடு நடந்துபோவதும் இங்கே உண்டு. மாடுகளும் முறைவைத்து மேய்கின்றன. காலையில் சிறுத்தை படுத்திருந்த புல்லில் மறுவாரம் மாடு நிற்கும். 2013-ல் வந்த வனவிலங்குச் சட்டம் இந்த ஏற்பாட்டை அங்கீகரித்தது.

நமீபியா இதையே வேறு மாதிரிச் செய்தது. 1996-ல் சட்டத்தைத் திருத்தி, பொது நிலத்தில் வாழும் மக்களுக்கே வனவிலங்குகள் மீது உரிமை கொடுத்தது. இன்று அங்கே 86 மக்கள் காப்பகங்கள். அவற்றின் வருமானத்தில் ஒரு பகுதி, உரிமம் வாங்கிக்கொண்டு வேட்டையாட வரும் வெளிநாட்டுப் பணக்காரர்களிடமிருந்து வருகிறது. இது எல்லோருக்கும் ஜீரணமாகிற சங்கதி அல்ல. கென்யாவில் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள்.

வாடகை ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. பட்டா பெரும்பாலும் ஆண்கள் பெயரில். எனவே வாடகையும் அவர்கள் கணக்குக்கே போகிறது; பால் கறப்பதும் தண்ணீர் சுமப்பதும் யார் என்று கேட்க வேண்டியதில்லை. நிலமே இல்லாதவருக்கு வாடகையும் இல்லை, பழையபடி மேய்க்க இடமும் இல்லை. பெரிய அடி 2020-ல் விழுந்தது. கொரோனா வந்து விமானம் நின்றது, விருந்தாளி நின்றார், விடுதிகள் காலி. மாராவில் பல காப்பகங்களில் நிலக்காரர்கள் வாடகையைக் குறைத்து வாங்கிக்கொள்ள நேர்ந்தது. கடன் வாங்கியும் நன்கொடை திரட்டியும் ஏற்பாட்டைக் காப்பாற்றினார்கள். சிங்கத்தின் வாடகை லண்டனிலும் மும்பையிலும் விமானம் ஏறுகிறவரின் கையில் இருக்கிறது என்பது அந்த வருஷம் மாசாய்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கும்.

இதையெல்லாம் மகள் செல்போனில் படித்துச் சொல்லச் சொல்ல, ஆயாவுக்கு ஒன்றும் அதிசயமாகத் தெரியவில்லை. "எங்க ஊரு ஏரியில நாரைக்கு யாரு வாடகை கொடுத்தா?" என்றார்.

ஆயா சொல்வது வேடந்தாங்கல். கோவில்பதாகையிலிருந்து நெமிலிச்சேரி போய், வெளிவட்டச் சாலையில் ஏறி, வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்து, செங்கல்பட்டு தாண்டிப் படாளத்தில் திரும்பினால் இரண்டரை மணி நேரம். ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். மாராவோடு ஒப்பிட்டால் ஒரு குட்டை. அதில் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் நவம்பர் முதல் மார்ச் வரை கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் என்று கிளைக்குக் கிளை குடித்தனம் நடக்கும்.

இந்தப் பறவைகளுக்கு அந்த ஊர்க்காரர்கள் செய்த காரியம், ஆப்பிரிக்கக் காப்பகங்களுக்கு இருநூறு வருஷம் முந்தையது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, கிராமத்தார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளுக்குத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கவுல் எழுதிக்கொடுத்தார். 1858-ல் அந்த உரிமையைக் கிராமத்தார் புதுப்பித்து வாங்கினார்கள். 1936-ல்தான் அரசு சரணாலயம் என்ற பெயரே வந்தது. அதாவது, சரணாலயம் என்று அரசு பெயர் வைப்பதற்கு 138 வருஷம் முன்பே ஊர் அதைச் சரணாலயமாக நடத்திக்கொண்டிருந்தது.

பாசம் மட்டுமா காரணம்? இல்லை, வயல். ஆயிரக்கணக்கான பறவைகளின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழும். தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த தண்ணீர் மதகு வழியாக நெல் வயலுக்குப் பாயும். உரக்கடைக்குப் போகாமலே உரம். கூந்தன்குளத்தில் இன்னொரு படி மேலே: நாங்குநேரிப் பக்கத்து அந்தக் கிராமத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டும், பறவை வராத வருஷத்தை ஊர் நல்ல வருஷமாக நினைக்காது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலோ, குஞ்சுகள் மிரளும் என்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பத்து வயசுப் பையனைத் தீபாவளியன்று வெடி இல்லாமல் உட்கார வைப்பது எத்தனை கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத் தெரியும்.

பிறகு மூட்டை உரம் வந்தது. எச்சத் தண்ணீரின் மதிப்பு குறைந்தது. நிலத்தின் மதிப்பு ஏறியது. வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியோடு முடிவதில்லை. 1998 அறிவிப்பின்படி ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலயம்தான். அதற்குள் பட்டா நிலங்கள் உண்டு, வீடுகள் உண்டு, வயல்கள் உண்டு. நபோய்ஷோவைப் போலவேதான். ஆனால் இங்கே யார் கணக்கிலும் மாத வாடகை விழுவதில்லை. கட்டுப்பாடு மட்டும் உண்டு. 2020-ல் அந்த ஐந்தை மூன்று கிலோமீட்டராகக் குறைக்க ஒரு முன்மொழிவு வந்தது. ஊர்க்காரர்களும் இயற்கை ஆர்வலர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். பிறகு அது கைவிடப்பட்டது. 2022-ல் வேடந்தாங்கல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அந்த இரண்டு கிலோமீட்டர் போனால் என்ன, ஏரியில்தானே பறவை இருக்கிறது என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆயாவிடம் பதில் இருந்தது.

"ஏரி அதுங்களுக்குத் தூங்குற எடம்டா. சாப்பாடு வயல்ல. நத்தைகுத்தி வயல் நத்தையைத்தானே தின்னும்? காலையில கெளம்பிப் போயிட்டு, எரை எடுத்துக்கிட்டுத்தான் குஞ்சுக்கு வரும்."

நாரைகள் இரை தேட வெகுதூரம் பறக்கும். சுற்றுவட்டாரத்து ஏரி, குட்டை, நெல் வயல் எல்லாமே அவற்றின் சமையலறை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஆவடியும் கோவில்பதாகையும் ஒரு காலத்தில் அந்த மாவட்டம்தான். ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கோவில்பதாகைக்கும் ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையை நெருங்கி வீடுகளும் வந்துவிட்டன. எச்சத் தண்ணீர் பாய்வதற்கு வயல்தான் இல்லை.

மகள் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். கென்யா பிறகு. முதலில் பைனாகுலர். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் வேடந்தாங்கல். அப்பா செல்போனில் காலண்டரைத் திறந்து, டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கப் போனார்.

"இப்பவே தேதி போடாத. மழை தவறினா ஏரியில தண்ணி நிக்காது. தண்ணி இல்லேன்னா ஒரு பறவையும் எறங்காது" என்றார் ஆயா. "ஐப்பசி போகட்டும். எங்க அண்ணன் மகனுக்குப் போன் போட்டு, கூடு கட்டியிருக்கான்னு கேட்டுட்டுப் போலாம்."