பீஹாரின் டாக்டர்கள் எங்கே?

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குப் புறப்பட்டபோது, வழக்கம் போல் மொகல்சராயில் சங்கமித்ரா எக்ஸ்பிரஸைப் பிடித்தேன். (2018-ல் அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் மாற்றிவிட்டார்கள், ஆனால் காசியில் படிக்கும் நம் வாய்க்கு அது இன்னும் மொகல்சராய்தான்.) எதிர்ப் பெஞ்சியில் ஆரா பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் தலை வைத்து ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். பேத்தியாம், எட்டு வயது. நான் தமிழன் என்று தெரிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேட்டா, காட்பாடியில் வண்டி எத்தனை நிமிஷம் நிற்கும்?" என்பதுதான்.

இந்தக் கேள்வியை நம்மில் கேட்காதவர் யார்? இந்த வண்டியில் காட்பாடிக்கு டிக்கெட் வாங்குகிற வட நாட்டாரில் பெரும்பாலோர் போவது ஒரே இடத்துக்கு: வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு. பெரியவரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார். குழந்தையின் இருதயத்தில் ஓட்டை. ஊரில் ஆரம்ப சுகாதார நிலையம் உண்டு. கட்டடம் உண்டு, பலகையும் உண்டு. டாக்டர் எந்தக் கிழமை வருவார் என்பது மட்டும் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஜில்லா ஆஸ்பத்திரியில் இருதயம் பார்க்கிற டாக்டர் இல்லை. பாட்னாவில் பல மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள். இரண்டு பிகா நிலத்தை அடகு வைத்துவிட்டுக் கிழவர் ரயிலேறிவிட்டார். வழி, 2,000 கிலோ மீட்டருக்கு மேல், இரண்டு இரவு.

மறு நாள் இட்டார்சி தாண்டியதும் அவர் என்னைக் கேட்டார்: "எங்கள் கிராமத்திலிருந்தும் ஒரு பையன் டாக்டராகியிருக்கிறான். பாட்னாவில்தான் படித்தான். இப்போது டில்லியில் இருக்கிறான். உங்கள் ஊர் டாக்டர்கள் மட்டும் எப்படி பேட்டா உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்?"

பெருமையோடு வாயைத் திறந்தேன். சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. திரும்பி வந்த பிறகு நண்பர்களை விசாரித்தும், கிடைத்ததைப் படித்தும் நான் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிழவருக்கு அன்று சொல்லத் தவறிய பதில் இது.

நம் ஹாஸ்டல் சாப்பாட்டு மேஜையில் இதற்கு ஆயத்தமான விடை ஒன்று உண்டு: "பணத்தாசை! சர்க்கார் செலவில் படித்துவிட்டுப் பட்டணத்துக்கு ஓடுகிறார்கள்." இதில் உண்மை அடியோடு இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் பீஹார் இளைஞர் மட்டும் மற்றவரைவிடப் பேராசைக்காரராகப் பிறந்துவிட்டாரா? ஆசை எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஓர் ஊரில் தங்குகிறார்கள், வேறோர் ஊரில் ஓடுகிறார்கள் என்றால், வித்தியாசம் மனிதரில் இல்லை, ஊரின் ஏற்பாட்டில் இருக்கிறது என்றுதானே கொள்ளவேண்டும்?

பீஹாருக்கு வைத்தியக் கல்வி புதிதல்ல. பாட்னா மருத்துவக் கல்லூரி 1925-ல் தோன்றியது. தர்பங்கா கல்லூரி 1946-ல். 2000-ம் ஆண்டு ஜார்க்கண்ட் தனி ராஜ்யமானபோது ராஞ்சி, ஜாம்ஷெட்பூர், தன்பாத் ஆகிய மூன்று ஊர்களின் சர்க்கார் மருத்துவக் கல்லூரிகளும் அந்தப் பக்கம் போய்விட்டன. பீஹாருக்கு ஆறு மிஞ்சின. அது பெரிய இழப்பு. எனினும், அந்த ஆறிலிருந்து வெளிவந்தவர்களையாவது அந்த ராஜ்யம் தக்கவைத்துக்கொண்டதா? 2019 ஜூன் மாதம் முஸப்பர்பூரில் மூளைக் காய்ச்சலால் நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. அது பற்றிய வழக்கில் பீஹார் சர்க்காரே சுப்ரீம் கோர்ட்டில் ஒப்புக்கொண்ட கணக்கு இது: அனுமதிக்கப்பட்ட டாக்டர் இடங்கள் 12,206, அவற்றில் ஆள் இருந்தவை 5,205. நூற்றுக்கு 57 இடங்கள் காலி. நர்ஸுகள் விஷயத்தில் நூற்றுக்கு 71 காலி.

இந்த இரண்டாவது எண்ணை நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். டாக்டர் ஏன் ஓடுகிறார் என்பதற்குப் பாதி விடை அதில்தான் இருக்கிறது.

நம் பல்கலைக் கழகத்தில் மேல்படிப்புப் படிக்கும் பீஹார் நண்பர் ஒருவர், பட்டம் பெற்றவுடன் தம் ஜில்லாவிலேயே ஒரு சுகாதார நிலையத்தில் ஒப்பந்த உத்தியோகம் பார்த்தவர். அவர் சொன்னார்: "ஐந்து பேர் இருக்கவேண்டிய இடத்தில் நான் ஒருவன். பிரசவத்துக்கு இரவில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் இல்லை, ரத்தம் இல்லை, டார்ச் வெளிச்சம். ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், வழியிலேயே போய்விட்டாள். மறு நாள் காலை ஐம்பது பேர் தடியோடு வந்து நின்றார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாய். ஆனால் அடிபட்டுச் சாகவும் எனக்கு இஷ்டமில்லை. சம்பளமும் மூன்று மாதமாக வரவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்."

இவரை ஓடிப்போனவர் என்பீர்களா? கையில் ஆயுதம் கொடாமல் போர்க்களத்தில் நிறுத்திவிட்டு, புறமுதுகு காட்டினான் என்று ஏசுவதா?

இவர் கதையில் மூன்று காரணங்கள் தெரிகின்றன. முதலாவது பயம். 1990-களிலும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளிலும் பீஹாரில் டாக்டர்களைக் கடத்திப் பணம் பறிப்பது ஒரு தொழிலாகவே நடந்தது. அன்று வெளியேறிய குடும்பங்கள் பல திரும்பவில்லை. கடத்தல் குறைந்தது; ஆனால் நோயாளி இறந்தால் டாக்டரை அடிப்பது நிற்கவில்லை. 2011-ல் இதற்கென்றே பீஹாரில் ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டப் புத்தகம் நடு இரவில் வாசற்படியில் வந்து காவல் நிற்காதே!

இரண்டாவது தனிமை. பெண்டாட்டி பிள்ளைகள் பட்டணத்தில் இருக்கிற தனிமையை மட்டும் சொல்லவில்லை. தொழிலில் தனிமை. ஒரு சந்தேகம் கேட்க மூத்தவர் இல்லை. பரிசோதனை செய்ய ஆள் இல்லை. எழுதிய மருந்து அலமாரியில் இல்லை. கற்ற வித்தை துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது கெட்டிக்கார இளைஞனுக்குப் பெரிய தண்டனை.

மூன்றாவது, எல்லாவற்றினும் பெரியது, மேல்படிப்பு. இந்தக் காலத்தில் வெறும் எம்.பி.பி.எஸ். பட்டத்தோடு நிற்க யாரும் விரும்புவதில்லை. மேல்படிப்புக்கு அகில இந்தியப் பரீட்சை. கிராமத்தில் இரவு பகல் உழைப்பவனுக்குப் படிக்க நேரம் ஏது? உத்தியோகத்தை உதறிவிட்டு டில்லியில் அறை எடுத்து இரண்டு வருஷம் நெட்டுருப் போட்டவனுக்கு இடம் கிடைக்கிறது. எந்த ராஜ்யத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே போகிறான். அங்கேயே சிநேகிதம், கல்யாணம், உத்தியோகம். ஊருக்குச் சேவை செய்தவன் பின்தங்குகிறான்; செய்யாதவன் முந்துகிறான். இப்படி ஒரு பந்தயத்தை வைத்துவிட்டு, ஓடுகிறானே என்று வருந்தி என்ன பயன்?

இனி கிழவரின் கேள்விக்கு வருவோம். நம் நாட்டில் எப்படித் தங்கினார்கள்? தமிழனின் உத்தம குணம் என்று மார் தட்டிக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் ஒரு விதி இருந்தது. சர்க்கார் கல்லூரிகளின் மேல்படிப்பு இடங்களில் ராஜ்யத்தின் பங்கில் பாதியை, சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும் டாக்டர்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். கிராமத்து நிலையத்தில் சில வருஷம் உழைத்தால் நிபுணராகும் வாசல் திறக்கும். படித்து முடித்தபின் சர்க்கார் ஆஸ்பத்திரிக்கே திரும்பவேண்டும். கிராம சேவை அங்கே தண்டனையாக இல்லாமல் ஏணியின் முதற் படியாக இருந்தது. அந்த ஏணியில் ஏறியவர்கள்தான் நம் ஜில்லா ஆஸ்பத்திரிகளின் அறுவை நிபுணர்களும் குழந்தை வைத்தியர்களும்.

அதனால்தான் மருத்துவக் கவுன்சில் விதியும், 2016-ல் வந்த ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பும் அந்த ஏணியைப் பிடுங்கியபோது, 2017-ல் தமிழ்நாட்டு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2020 ஆகஸ்ட் 31-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, இப்படி ஒதுக்கும் அதிகாரம் ராஜ்யங்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. வழக்காடியது தமிழ்நாட்டு டாக்டர் சங்கம். ஆனால் பலன் பீஹாருக்கும் திறந்திருக்கிறது.

மருந்து விஷயமும் அப்படியே. 1994-ல் தமிழ்நாட்டில் மருந்து வாங்கி வினியோகிக்கத் தனிக் கழகம் அமைத்தார்கள். பீஹாரும் 2010-ல் அத்தகைய கழகம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. 2005-க்குப் பின் சில ஆண்டுகள் அங்கே சுகாதார நிலையங்களில் மருந்தும் டாக்டரும் இருக்கத் தொடங்கியதுமே ஜனங்கள் திரள் திரளாக வந்தார்கள். ஆகவே, பீஹாரில் எதுவும் நடக்காது என்ற நம் கேலிப் பேச்சு வெறும் அறியாமை.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? "இன்னும் பத்துக் கல்லூரி திற!" என்பது ஒரு கட்சி. கல்லூரி வேண்டியதுதான். ஆனால் ஓட்டைக் குடத்தில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்குமா? "பத்திரம் எழுதி வாங்கு, மீறினால் லட்சக் கணக்கில் அபராதம் போடு!" என்பது இன்னொரு கட்சி. பொதுப் பணத்தில் படித்தவனுக்குக் கடன் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்திரம் இரு தரப்பாரையும் கட்டவேண்டும். டாக்டர் இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று எழுதினால், சர்க்காரும் அந்த இரண்டு வருஷமும் நர்ஸும் மருந்தும் வீடும் மாதச் சம்பளமும் தருகிறேன் என்று எழுதவேண்டாமா? இல்லாவிட்டால் பணக்காரன் அபராதம் கட்டிவிட்டுப் போவான். ஏழை வீட்டுப் பையன் மட்டும் மாட்டிக்கொள்வான்.

என் அபிப்பிராயத்தில் முதல் வேலை, ஒருவரைத் தனியாக அனுப்புவதை நிறுத்துவது. பூட்டிக் கிடக்கும் ஐந்து நிலையங்களைவிட, நான்கு டாக்டர்களும் போதிய நர்ஸுகளும் முறை வைத்து இரவு பகல் வேலை செய்யும் ஓர் ஆஸ்பத்திரி மேல். அடுத்து, கிராமத்தில் உழைத்த ஆண்டுகளை மேல்படிப்புக்குக் கணக்கில் எடுத்து, இத்தனை ஆண்டு முடிந்தால் மாறுதல் நிச்சயம் என்று சிபாரிசுக்கு இடமில்லாத விதி செய்யவேண்டும். மூன்றாவது, படிக்கவரும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் முறை. கிராமத்தில் வளர்ந்தவர்களைச் சேர்த்தால் அவர்கள் கிராமத்தில் தங்குவது அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் வெளியிட்ட யோசனைகளில் இருக்கிறது. ஜப்பானில் 1972-ல் தோன்றிய ஜிச்சி மருத்துவப் பல்கலைக் கழகம் ஒவ்வொரு மாகாணத்திலிருந்தும் மாணவரை எடுத்து, ஒன்பது வருஷம் சொந்த மாகாணத்தில் உழைத்தால் படிப்புச் செலவு வேண்டாம் என்கிறது. வேலூரிலும் மிஷன் ஆஸ்பத்திரிகளின் ஆதரவில் படிப்பவர்கள் இரண்டு வருஷம் தேவையுள்ள இடங்களில் பணியாற்றுகிறார்கள். நம் தமிழ்நாட்டில் 2020 முதல் சர்க்கார் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் ஒதுக்கியிருப்பதும் இந்தத் திசையில் ஓர் அடி.

கடைசியாக நமக்கும் ஓர் எச்சரிக்கை. 2019 அக்டோபரில் சம்பள உயர்வு கேட்டுத் தமிழ்நாட்டு சர்க்கார் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2024 நவம்பரில் சென்னையில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரிக்குள்ளேயே டாக்டர் ஒருவர் கத்தியால் குத்தப்பட்டார். பயமும் மனத்தாங்கலும் நம் ஊருக்கும் வழி கண்டுபிடித்துவிட்டன. ஏணியைப் பழுது பார்க்காவிட்டால் நாளை நம் ஊர்க் கிழவரும் பேத்தியோடு எந்த ஊருக்கு ரயிலேறவேண்டியிருக்குமோ!

மருத்துவம் படிக்கும் நண்பர்களே, உங்களிடம் தியாகம் செய்யுங்கள் என்று கேட்க எனக்குத் தகுதியில்லை. நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். பக்கத்து அறையில் இருக்கும் பீஹார் தோழரைப் பார்த்து "உங்கள் ஊர் அப்படித்தான்" என்று சிரிக்காதீர்கள். நம் ஊரில் எது எப்படி நடந்தது என்பதை அவருக்குச் சொல்லுங்கள். அவர் பட்டதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் பயன்படும்.

காட்பாடியில் நான் முதலில் இறங்கிக் குழந்தையைக் கை தூக்கி இறக்கினேன். பெரியவர் தலையில் மூட்டையோடு கூட்டத்தில் கலந்தார். டில்லியில் இருக்கும் அந்த ஊர்ப் பையனைப் பற்றி அவர் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. "வந்தால் எங்கே உட்காருவான், பாவம்?" என்று மட்டும் சொன்னார். நாம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிய அத்தனை பேச்சிலும் அந்த நியாயம் நமக்குத் தோன்றவில்லை.