தொட்டியில் சர்க்கரைத் தண்ணி ஊத்துறீங்களா? வேர் கேட்பது வேற!

வாடிப்போன பால்கனிச் செடிக்குச் சர்க்கரைத் தண்ணி ஊத்துங்க, வேர் சட்டுனு பிடிச்சுக்கும் என்று ரீல்ஸ் வருகிறது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். வேருக்குச் சர்க்கரை தேவைதான். ஆனால் அது மேலே இருந்து, இலையிலிருந்து வர வேண்டும்.

வேர் இருட்டில் கிடக்கிறது; அதற்குச் சொந்தமாகச் சமைக்கத் தெரியாது. வெளிச்சத்தில் இலை தயாரிக்கும் சர்க்கரைதான் தண்டு வழியாக இறங்கி வேர் நுனிக்கு வருகிறது. அங்கே அது சாப்பாடு, கூடவே சிக்னலும். கடுகுக் குடும்பத்தில் 'அராபிடாப்சிஸ்' என்றொரு சின்னச் செடி உண்டு. தாவர ஆய்வாளர்களின் வெள்ளெலி அதுதான். குளுக்கோஸ் வந்து சேர்ந்ததும் 'டார்' என்ற புரதம் முடுக்கிவிடப்பட்டு, அந்தச் செடியின் வேர் நுனி செல்களைப் பிரிய வைக்கிறது என்று 2013-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. சரக்கு வரலைன்னா வேலையும் நடக்காது, அவ்ளோதான்.

அடுத்தது ஆக்சிஜன் கணக்கு. செல்லுக்குள் ஆக்சிஜன் புழங்கும்போது சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற துடிப்பான மூலக்கூறுகளும் உருவாகும். 'ஆன்டிஆக்ஸிடன்ட்' விளம்பரங்கள் இவற்றை வில்லனாகவே காட்டிப் பழக்கிவிட்டன. வேரில் கதை வேற. செல்கள் பிரியும் நுனிப் பகுதியில் சூப்பர்ஆக்சைடு அதிகம். சற்று மேலே, பிரிவதை நிறுத்திவிட்டு செல்கள் நீளும் பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகம். இந்த விகிதத்தைக் கவனித்துக்கொள்ளும் 'அப்-பீட் 1' என்ற மரபணுவை 2010-ல் அமெரிக்காவின் ட்யூக் பல்கலைக்கழகக் குழு கண்டறிந்தது. அதை முடக்கியபோது பிரியும் பகுதி பெரிதாகி, வேர் நீண்டது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் வேருக்கு நல்லது என்று நினைப்பது தப்புக் கணக்கு. அளவு மிஞ்சினால் செல் சிதையும் என்பதும் உண்மை.

லேபில் சர்க்கரை கலந்த ஜெல்லியில் வேர் நன்றாக வளருதே என்று கேட்கலாம். அது கிருமி நீக்கிய தட்டு. உங்கள் தொட்டியில் சர்க்கரையை ஊற்றினால் பந்தியில் முதலில் உட்காருவது நுண்ணுயிர்கள். அவை பெருகி, மண்ணிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் இழுத்துக்கொள்ளும். வேருக்கு மூச்சு முட்டும். ஆக்சிஜன் குறைந்தால், இலை அனுப்பிய சர்க்கரையிலிருந்தும் வேரால் முழுச் சக்தி எடுக்க முடியாது.

என்னைக் கேட்டால், 'ரூட் பூஸ்டர்' பாட்டிலுக்குக் காசு கொடுக்கும் முன் தொட்டியை வெளிச்சம் வரும் பக்கம் நகர்த்துங்கள். பச்சையாக இருக்கும் இலைகளை அழகுக்காக வெட்டித் தள்ளாதீர்கள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தா இன்னிக்கு தண்ணி வேண்டாம். அப்படியே தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.