விளையாட்டு நகரமும் உண்மைக் குவிமாடமும்

கணிப்பொறியில் நகரம் கட்டிப் படை நடத்தும் விளையாட்டுகளை உங்களில் பலர் ஆடியிருப்பீர்கள். அவற்றுள் 1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' மீது எனக்கு ஒரு குறை உண்டு. அதில் அன்று 13 இனத்தார் இடம் பெற்றனர். அவர்களுடைய வீடு, சந்தை முதலியவற்றுக்கு வரையப்பட்ட பாணிகளோ நான்குதான். ஆகவே கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்ட பைசாண்டியர், அரேபியருக்கும் பாரசீகருக்கும் துருக்கியருக்கும் வரைந்த அதே வீடுகளில் குடியிருக்க நேர்ந்தது!

மனிதன் வீட்டளவு உயரமாக நிற்பதையும், கோட்டை சில நிமிடங்களில் எழும்புவதையும் நான் குறை சொல்லமாட்டேன். அளவைச் சுருக்குவது வேறு; ஆய்வுக்கூடத்தில் நாமும் சிறிய மாதிரிகளைத்தானே செய்கிறோம்? வடிவத்தை மாற்றுவது வேறு. கட்டடத்தின் வடிவம் வெறும் அலங்காரமன்று. அதைக் கட்டியவர்கள் விசைகளோடு போராடிய வரலாறு அதில் இருக்கிறது.

அந்நகரின் ஹாகியா சோபியா ஆலயத்தையே பாருங்கள். பேரரசர் ஜஸ்டினியன் ஆணைப்படி 532இல் தொடங்கி 537இல் முடிந்தது. அமைத்தவர்கள் அந்தேமியஸ், இசிடோர் என்ற இருவர், கணிதத்தில் வல்லவர்கள். சுமார் 31 மீட்டர் அகலமுள்ள வட்டக் குவிமாடத்தைச் சதுரமாக நின்ற நான்கு வளைவுகளின்மேல் அமர்த்த வேண்டும். மூலைக்கு ஒன்றாக, வளைந்த முக்கோணப் பரப்புகளை எழுப்பி அதைச் சாதித்தனர். ஆனால் முதல் மாடம் சற்றுத் தட்டையானது. ஏணியை அதிகம் சாய்த்தால் அதன் அடி வெளிப்புறமாக வழுக்கப் பார்க்கிறதல்லவா? தட்டையான மாடமும் அவ்வாறே தன்னைத் தாங்குவனவற்றை வெளியே தள்ளும். நிலநடுக்கங்களால் நலிவுற்று 558இல் அது இடிந்து விழுந்தது. 562இல் முடிந்த புதிய மாடம் ஏறக்குறைய 6 மீட்டர் கூடுதல் உயரம்!

நகரின் மதிற்சுவரிலும் இதே கதைதான். சுண்ணாம்புக்கல் வரிசைகளுக்கிடையே செங்கல் பட்டைகள் ஓடுகின்றன. கண்ணுக்கு அழகு, உள்ளே சுவரை இறுகப் பிணைப்பதும் அவைதான்.

அரேபியரும் துருக்கியரும் பைசாண்டியரிடமிருந்து நிறையக் கற்றவர்கள்தாம். சாயல் இருக்கத்தான் செய்யும். நான்கு பாணிகளை வரைவதே பெரும் உழைப்பு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எனினும், ஒரே படத்தை நால்வருக்கும் ஒட்டிவிட்டால், யாரிடமிருந்து யார் கற்றார் என்ற கேள்வியே உங்கள் மனத்தில் எழாமல் போய்விடுகிறதே!

இனி ஏதேனும் ஒரு விளையாட்டில் ஜஸ்டினியன் காலத்து நகரம் தோன்றினால், ஹாகியா சோபியாவைச் சுற்றி மினார் கோபுரங்கள் நிற்கின்றனவா என்று பாருங்கள். அவை 1453இல் துருக்கியர் நகரைக் கைப்பற்றிய பிறகு எழுந்தவை.